பாதியில் விட்ட பியானோவுக்குத் திரும்புகிறவர்களுக்கு: குழு வகுப்பில் முதல் 12 வாரம்

சின்ன வயதில் பியானோ தேர்வுகளில் மூன்றாம் கிரேடு, ஐந்தாம் கிரேடு வரை போய், பொதுத்தேர்வு வந்ததும் பியானோவை நிறுத்தியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வேலை, குடும்பம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின், முப்பத்தைந்திலோ ஐம்பதிலோ, மறுபடி வாசிக்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. இப்படித் திரும்புகிறவர்களுக்குத் தனி வகுப்பைவிடக் குழு வகுப்பு பெரும்பாலும் நன்றாகப் பொருந்துகிறது.

கட்டணம் குறைவு என்பது மட்டும் காரணமல்ல. தனியாக வாசிக்கும்போது ஒரு சுரம் தவறினால் உடனே நிற்போம். அந்த இடத்தைத் திருத்தி, இரண்டு பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு சுற்றுத் தாளம்தான் பார்) பின்னால் போய், மறுபடி தொடங்குவோம். இந்தத் தடுமாறித் தொடங்கும் பழக்கம் விரலைவிட ஆழமாக ஊறியிருக்கும். ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கும்போது தாளம் யாருக்காகவும் நிற்காது. தவறவிட்டவர் அடுத்த பாரின் முதல் தட்டில் ஏறிக்கொண்டே ஆக வேண்டும். திரும்பி வருகிறவர்களிடம் பெரும்பாலும் இல்லாத திறமை இதுதான். கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் இந்த ஒரு திறமையைச் சுற்றியே வரும்.

இன்றைய கை எங்கே நிற்கிறது

பழைய சான்றிதழைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கிரேடு தேர்வுக்காக மூன்று உருப்படிகளை ஆறு மாதம் தேய்த்துத் தேய்த்து வாசித்திருப்போம். அந்த உருப்படிகள் விரலில் இருந்தன. நோட்ஸ், அதாவது தாளில் எழுதிய இசைக்குறிப்பு, படிக்கும் திறமை அதற்கு ஈடாக வளர்ந்திருக்காது. வகுப்பில் சேருமுன் வீட்டிலேயே நான்கு சோதனைகள் செய்து பாருங்கள். அரைமணி நேரம் போதும்.

முதலாவது, தட்டு தவறாமல் ஒலிக்கும் மெட்ரோனோமை 60-ல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்து, சி மேஜர் ஸ்கேலை ஒரு ஆக்டேவ் (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை), தட்டுக்கு இரண்டு சுரமாக, இரு கையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டாவது, இதுவரை பார்க்காத எட்டு பார் இசையை எடுங்கள். நீங்கள் தேறிய கிரேடுக்கு இரண்டு கிரேடு கீழே இருக்கட்டும். அரை நிமிடம் பார்த்துவிட்டு, நிற்காமல் ஒருமுறை வாசியுங்கள். தவறு வரலாம், நிற்கத்தான் கூடாது. மூன்றாவது, இடது கைக்கான பேஸ் கிளெஃபில் (கீழ் வரிசையில்) நான்கு பார் மட்டும் தனியாகப் படியுங்கள். நான்காவது, ஒரு வரி தாளத்தைக் காலால் தட்டிக்கொண்டே கையால் கொட்டுங்கள்.

இரண்டாவது சோதனையில் நின்று நின்று போனீர்கள் என்றால், உங்கள் இடம் பழைய கிரேடுக்கு இரண்டு படி கீழே. மூன்றாவதில் விரல்விட்டு எண்ணி நோட்ஸ் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு படி கீழே. இதில் தாழ்வு ஏதுமில்லை. கொஞ்சம் சுலபமான குழுவில் சேர்ந்தவர்கள் ஒரே மாதத்தில் முன்னேறுவார்கள். எட்டாத குழுவில் சேர்ந்தவர்கள் ஆறாவது வாரத்தில் வராமல் நின்றுவிடுவார்கள்.

பியானோ படித்தீர்களா, கீபோர்ட் படித்தீர்களா

தமிழ்நாட்டில் ‘பியானோ கற்றேன்’ என்று சொல்கிறவர்களில் கணிசமானோர் உண்மையில் எலக்ட்ரானிக் கீபோர்ட் கற்றவர்கள். ட்ரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளிலேயே பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டம். கீபோர்டில் இடது கை பெரும்பாலும் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) பிடித்துக்கொண்டிருக்கும், மீதித் தாளத்தையும் பேஸையும் கருவியே போட்டுவிடும். பியானோவில் அந்த வேலை முழுவதும் இடது கையின் தலையில்.

அதனால் கீபோர்ட் வழியாக வந்தவர்களுக்கு மூன்று இடங்களில் சறுக்கும்: பேஸ் கிளெஃப் படிப்பது, இடது சுண்டுவிரலின் பலம், பெடல். வகுப்பில் சேரும்போதே ஆசிரியரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் வலது கையைப் பார்த்து ஒரு நிலை மேலே உட்கார வைத்துவிடுவார். சாதகம் ஒன்றும் உண்டு: கார்ட் பெயர்கள் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பியானோ மட்டுமே கற்ற பலருக்கு அது வராது.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

குழுவில் நான்கு முதல் ஆறு பேர் இருப்பது நல்லது. எட்டுக்கு மேல் போனால் ஆசிரியர் ஒவ்வொருவர் கையையும் பார்க்க முடியாது. மூன்றுக்குக் கீழே போனால், ஒருவர் வராத நாளில் குழுவே இல்லை. நேரம் 60 முதல் 75 நிமிடம். பெரியவர்களுக்கான குழுவில் பெரியவர்கள் மட்டுமே இருக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தைகளோடு சேர்த்து உட்கார வைக்கும் இடங்கள் உண்டு. குழந்தையின் கவனம் ஓடும் விதமும் பெரியவரின் சந்தேகங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, இருவருக்குமே நட்டம்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே கவனிக்க வேண்டியவை இவை. ஆளுக்கொரு கருவி இருக்கிறதா? இரண்டு பேருக்கு ஒரு கீபோர்ட் என்றால் பாதி நேரம் கைகட்டி உட்காருவீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஹெட்போன் இருக்கிறதா? கருவிகளில் 88 கீ, எடையுள்ள கீ இருக்கிறதா? அறையில் ஒரு உண்மையான பியானோவாவது இருந்து, முறைவைத்து அதில் வாசிக்க விடுகிறார்களா? எல்லாவற்றையும்விட முக்கியம், வகுப்பில் எத்தனை நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்பது. ஆசிரியர் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் நகர்ந்துகொண்டே இருந்து, மற்றவர்கள் காத்திருந்தால், பெயர்தான் குழு வகுப்பு. நீங்கள் வாங்குவது பத்து நிமிடத் தனி வகுப்பு.

இணையவழிக் குழு வகுப்பு பற்றி ஒரு வார்த்தை. ஒலி போய்வர ஆகும் தாமதத்தால் சாதாரண வீடியோ அழைப்பில் ஐந்து பேர் ஒரே தாளத்தில் வாசிக்க முடியாது. ஆசிரியர் வாசிக்க, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரோடு வாசிக்கலாம். அவ்வளவுதான். உள்ளூரில் வகுப்பே இல்லை என்றால் அது ஒரு வழி. இருந்தால் நேரில் போங்கள்.

வீட்டில் என்ன கருவி

வகுப்பில் மட்டும் வாசித்து யாரும் முன்னேறியதில்லை. வீட்டில் ஒரு கருவி கட்டாயம். 61 கீ உள்ள பழைய கீபோர்ட் பரண்மேல் இருந்தால் முதல் மாதம் அதை வைத்து ஓட்டலாம். அதற்குமேல் 88 கீயும், சுத்தியல் எடையோடு இறங்கும் கீயும் உள்ள டிஜிட்டல் பியானோ வேண்டும். எடையில்லாத கீயில் பழகிய விரல், வகுப்பில் இருக்கும் பியானோவில் பாதிச் சுரங்களை ஒலிக்காமலே விட்டுவிடும். யமஹா, ரோலண்ட், காசியோ மூன்றிலும் தொடக்கநிலை மாடல்களே போதும். நூற்றுக்கணக்கான ஒலிகள், தாளங்கள் என்று விளம்பரப்படுத்துவதற்குப் பணம் கொடுக்காதீர்கள். கீயின் எடை, 64 அல்லது அதற்குமேல் பாலிஃபொனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை), சுரத்தை நீடித்து ஒலிக்க வைக்கும் உறுதியான சஸ்டெய்ன் பெடல் ஆகிய மூன்றும் போதும். கருவியோடு தரும் சின்னச் சதுரப் பெடல் மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டே போகும்; பியானோ பெடல் வடிவில் ரப்பர் அடிப்பாகம் உள்ளதைத் தனியாக வாங்குங்கள்.

எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் ஆடும், முழங்காலிலும் இடிக்கும். மேசை போன்ற நான்கு கால் ஸ்டாண்ட் நல்லது. கீயின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 72 செ.மீ., இருக்கை 45 முதல் 50 செ.மீ. சாப்பாட்டு மேசை நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, முன்கை தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்வாக இருந்தால் மடித்த போர்வையை அடியில் போட்டுக்கொள்ளலாம்.

ஹெட்போன் வயருள்ளதாகவே இருக்கட்டும். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் கீயை அழுத்தியபின் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், தாளமே குலைந்துவிடும். பல டிஜிட்டல் பியானோக்களில் துளை 6.3 மி.மீ.; கைப்பேசி ஹெட்போனின் முனை 3.5 மி.மீ. எனவே இடையில் ஒரு அடாப்டர் தேவைப்படலாம்.

அத்தை வீட்டிலோ பழைய வீட்டிலோ ஒரு மரப் பியானோ கிடக்கிறது, அதைக் கொண்டுவரலாமே என்று தோன்றும். வண்டி வைத்து ஏற்றுமுன் ஒரு டியூனரை அழைத்துக் காட்டுங்கள். கடற்கரை ஊர்க் காற்றில் கம்பிகள் துருப்பிடித்திருக்கும், ஈரத்தில் ஃபெல்ட் பூச்சி அரித்திருக்கும், அடிமரத்தில் கரையான் இருக்கும். டியூனிங் பின்கள் பிடிமானம் இழந்திருந்தால் எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் நிற்காது. சரியாக இருந்தால் அதைவிடப் பாக்கியம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்க்கும் செலவை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு சின்னப் பொருட்கள்: துணி கிளிப் நான்கு, பென்சில் ஒன்று. நம் வீட்டு மின்விசிறிக் காற்றுக்கு நோட்ஸ் தாள் இரண்டாவது பாரிலேயே பறந்துவிடும்.

கண்ணாடி, நகம், மோதிரம்

நாற்பதைத் தாண்டியவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. புத்தகம் படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்குக் கொடுக்கப்படுவது. நோட்ஸ் தாள் கண்ணிலிருந்து 60 முதல் 70 செ.மீ. தள்ளி இருக்கும். ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குவார்கள். இருபது நிமிடத்தில் கழுத்து வலிக்கும். கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, மூன்றாம் கோட்டு சுரத்தை இரண்டாம் கோடு என்று படிப்பீர்கள். இதைப் பலர் தம் ஞாபகசக்தியின் குறை என்று நினைத்து மனம் உடைகிறார்கள். உட்காரும் இடத்திலிருந்து தாள் வரை டேப்பால் அளந்து, அந்தத் தூரத்தைக் கண் மருத்துவரிடம் சொல்லி, அதற்கென ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை நோட்ஸை 130 சதவீதம் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

நகம் விரல்நுனியைத் தாண்டக் கூடாது. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

சேர்ந்து வாசிக்கும்போது

ஒரு நல்ல வகுப்பில் முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக ஸ்கேல், அடுத்த பதினைந்து நிமிடம் புதிய நோட்ஸ் படிப்பது, பிறகு ஹெட்போன் போட்டுத் தனித்தனிப் பயிற்சி, கடைசியாகச் சேர்ந்திசை. ஹெட்போன் நேரத்தில் ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டுத் திருத்துவார். ஆனால் குழுவுக்கு உயிர் கடைசிப் பகுதியில்தான்.

ஒரு எட்டு பார் பயிற்சியை உதாரணமாக எடுத்துப் பார்ப்போம். மூன்று கார்ட் மட்டும்: சி, எஃப், ஜி செவன்த். இடது கை மத்திய சி-க்குக் கீழேயுள்ள சி-யில் சுண்டுவிரலை வைக்கிறது. சி கார்ட்: சி-இ-ஜி, விரல் 5-3-1. எஃப் கார்டுக்குக் கையைத் தூக்கவே வேண்டாம்: சுண்டுவிரல் சி-யிலேயே இருக்க, சுட்டுவிரல் எஃப்-இலும் கட்டைவிரல் ஏ-இலும் விழும். ஜி செவன்துக்குச் சுண்டுவிரல் ஒரு கீ இறங்கி பி-க்குப் போகும், சுட்டுவிரல் எஃப், கட்டைவிரல் ஜி. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம்: சி-யை ஷட்ஜமமாக வைத்தால் ச-க-ப, ச-ம-த, கீழ் நி-ம-ப. கை இடம் மாறுவதே இல்லை, உள்ளே விரல்கள் மட்டும் நகர்கின்றன.

இதை நான்கு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஒவ்வொரு பாரிலும் கார்டுக்குப் பெயர் தரும் அடிச்சுரம் மட்டும். இரண்டாமவர் கார்ட். மூன்றாமவர் வலது கையில் மெட்டு. நான்காமவர் வாய்விட்டு ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு எண்ணிக் கை தட்டுகிறார். மெட்ரோனோம் 60. எட்டு பார் முடிந்ததும் நிற்காமல் வேலைகள் ஒருவர் தள்ளி மாறுகின்றன. நான்கு சுற்று முடிவதற்குள் எல்லோரும் எல்லா வேலையும் செய்திருப்பார்கள்.

இங்கே ஒருவர் தடுமாறினால் என்ன செய்வது? இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கையை எடுங்கள், எண்ணுவதை நிறுத்தாதீர்கள். அடுத்த பாரின் முதல் தட்டில் ஒரே ஒரு சுரம் வாசியுங்கள், அது அடிச்சுரமாக இருந்தால் நல்லது. அதற்கடுத்த பாரில் முழுதாகச் சேர்ந்துகொள்ளுங்கள். தவறவிட்ட சுரத்தைத் தேடிப் பிடிக்க முயன்றால் குழு இரண்டு பார் தள்ளிப் போயிருக்கும். இதைப் பழகத் தனிப் பயிற்சியே உண்டு: முழு உருப்படியையும் ஒவ்வொரு பாரின் முதல் தட்டு மட்டும் வாசித்து முடிப்பது, மீதித் தட்டுகளில் மௌனமாக எண்ணுவது. இரண்டு வாரம் இதைச் செய்தவர்களிடம் வரும் நிதானத்தைப் பார்த்தால், வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு தராது என்றே சொல்லத் தோன்றும்.

குழுவில் நடந்துகொள்ளும் முறை ஒன்றுதான். ஆசிரியர் பேசும்போதும் மற்றவர் வாசிக்கும்போதும் கை மடியில் இருக்கட்டும். மெதுவாகத் தட்டிப் பார்ப்பதுகூட அடுத்தவரின் தாளத்தைக் கெடுக்கும்.

வீட்டுப் பயிற்சி: 20 நிமிடம், வாரம் ஐந்து நாள்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் உட்காருவது பலன் தராது. ஒவ்வொரு நாள் பயிற்சிக்கும் பின் வரும் தூக்கத்திலும் விரல்பழக்கம் படிகிறது. ஐந்து நிமிடம் ஸ்கேல், பத்து நிமிடம் வகுப்பின் உருப்படியில் உங்கள் பகுதி, ஐந்து நிமிடம் புதிதாக ஏதாவது படிப்பது.

ஸ்கேலை இரு கையும் எதிரெதிர்த் திசையில் போகும்படி தொடங்குங்கள். இரு கட்டைவிரலும் மத்திய சி-யில் தொடங்கி வெளிப்பக்கம் போகும்போது இரு கைக்கும் ஒரே விரல்வரிசை, அதனால் மூளைக்குச் சுமை குறைவு. பிறகு ஒரே திசை. சி மேஜரில் வலது கை 1-2-3-1-2-3-4-5, இடது கை 5-4-3-2-1-3-2-1. கட்டைவிரல்கள் வெவ்வேறு இடத்தில் மடங்குவதால்தான் குழப்பம். கட்டைவிரலைக் கவனிக்காமல் நடுவிரலைக் கவனியுங்கள்: இரு கையிலும் நடுவிரல் இ-யிலும் ஏ-யிலும் சேர்ந்தே விழும். அந்த இரண்டு இடமும் கூடினால் மற்றவை தாமே கூடும்.

வயலின் கற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே சுட்டுவிரல்தான் 1. பியானோவில் கட்டைவிரல் 1. தாளில் 2 என்று பார்த்ததும் கை நடுவிரலுக்குப் போகும். முதல் வாரங்களில் நோட்ஸைவிட விரல் எண்ணைச் சத்தமாகச் சொல்லி வாசியுங்கள்.

உருப்படியை எடுக்கும்போது ஆரம்பத்திலிருந்து முடிவுவரை திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். முதல் நான்கு பார் பளபளக்கும், கடைசி நான்கு பார் எப்போதும் புதிதாகவே இருக்கும். இரண்டு பாரும் அதற்கடுத்த ஒரு சுரமும் ஒரு துண்டு. அந்தக் கூடுதல் ஒரு சுரம் முக்கியம்: தடுமாற்றம் பெரும்பாலும் பாருக்குள் வருவதில்லை, ஒரு பாரிலிருந்து அடுத்த பாருக்குத் தாண்டும்போதுதான் வருகிறது. இடது கை தனியாக மூன்று முறை, வலது கை தனியாக ஒருமுறை, பிறகு சேர்த்து. இடது கைக்குத்தான் கூடுதல் முறை தேவை.

நோட்ஸுக்குக் கீழே சி, டி, இ என்றோ ச, ரி, க என்றோ எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கண் எழுத்தைத்தான் படிக்கும், கோட்டைப் படிக்காது. பதிலாக மூன்று அடையாளச் சுரங்களை மனத்தில் நிறுத்துங்கள்: இரு வரிசைகளுக்கும் நடுவில் மத்திய சி, ட்ரெபிள் கிளெஃப் சுழியும் கோடு ஜி, பேஸ் கிளெஃபின் இரு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள கோடு எஃப். மற்றவற்றை இவற்றிலிருந்து எத்தனை படி மேலே, எத்தனை படி கீழே என்று பாருங்கள். மூன்று வாரம் கஷ்டமாக இருக்கும். நான்காவது வாரம் வித்தியாசம் தெரியும்.

வாரம் ஒருமுறை, வகுப்புக்கு முந்தின நாள், ஒரு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். நிற்காமல் வாசித்த பதிவாக இருக்க வேண்டும், பிழையில்லாத பதிவாக இருக்கத் தேவையில்லை.

வலி வந்தால்

விரல் சோர்வு இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ எரிச்சல், மரமரப்பு, கூர்மையான வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: இருக்கை தாழ்வு, மணிக்கட்டு கீழே தொங்குவது, அழுத்தியபின்னும் கீயின் அடியில் விரலை முறுக்கிப் பிடித்திருப்பது. ஒலி வந்தபின் கீயை அமுக்குவதால் ஒலி கூடாது. கையின் எடை மட்டும் அதன்மேல் இருந்தால் போதும். நாள் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்கிறவர்கள் வந்ததும் பியானோவில் உட்காராமல் பதினைந்து நிமிடம் கைக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் வலி போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

பன்னிரண்டு வாரத்தில் எதிர்பார்க்கக்கூடியது

முதல் மூன்று வாரம் உற்சாகமாகப் போகும். பழைய பழக்கம் வேகமாகத் திரும்பிவரும். நான்கிலிருந்து ஏழாவது வாரம் வரை கடினம். திரும்பிவர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனி புதிதாகக் கற்க வேண்டும். காது பெரியவரின் காது, எது நன்றாக இல்லை என்று அதற்குத் தெரியும். கை அதற்கு ஈடுகொடுக்காது. பலர் விட்டுவிடும் இடம் இதுதான். இந்த வாரங்களில் வகுப்பை மட்டும் தவறவிடாதீர்கள். வீட்டில் பயிற்சி செய்யாத வாரமும் போங்கள். அடிச்சுரம் வாசிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பயிற்சி தேவையில்லை, தாளம் மட்டும் வேண்டும். எட்டாவது வாரத்திலிருந்து சேர்ந்திசையில் எண்ணாமலே இடம் தெரியத் தொடங்கும்.

கிரேடு தேர்வுக்கு முதல் ஆறு மாதம் பணம் கட்டாதீர்கள். ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் (இன்னொரு பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம்) இரண்டிலும் வயது வரம்பு இல்லை, அவசரமும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர நினைப்பவர்கள் ஒரு விதியைத் தெரிந்து வைத்திருங்கள்: ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு செய்முறைத் தேர்வுக்கு, ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு இணையாக அவர்கள் ஏற்கும் தேர்வையோ முடித்திருக்க வேண்டும். ட்ரினிட்டியில் அப்படி நிபந்தனை இல்லை.

பன்னிரண்டாவது வாரம் தொடக்கத்தில் செய்த நான்கு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். எட்டு பாரை நிற்காமல் முடித்தால் அதே குழுவில் அடுத்த பருவத்துக்குச் சேருங்கள். ஸ்கேலும் பேஸ் கிளெஃபும் கூடச் சுலபமாக வந்தால் ஒரு நிலை மேலே உள்ள குழுவைக் கேளுங்கள். நின்றுவிட்டீர்கள் என்றால், குழுவை மாற்றாமல், அடுத்த நான்கு வாரம் எல்லா உருப்படியையும் முதல் தட்டு மட்டும் வாசித்து வாருங்கள்.